பூட்டன் பேர்

முதன்முதலாக ஒருவரைச் சந்தித்தால் நான் கேட்பது ஒரே கேள்விதான். "எவடம்?" சுகமா, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் பிறகு. எவடம் என்றால் எந்த ஊர் என்பது மட்டுமல்ல. ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த குடும்பத்துக்கு நீங்கள் என்ன முறை என்று அது போய்க்கொண்டே இருக்கும். கேட்கப்படுகிறவர் பொறுமைசாலி என்றால் கடைசியில் எப்படியும் ஒரு சொந்தம் வந்து முட்டும். ஸ்காபரோவில் மரக்கறிக் கடை வரிசையில் நின்றபடியே நான் தூரத்து உறவுகள் பலரைக் கண்டுபிடித்திருக்கிறேன். அவர்களில் சிலர் இப்போது என்னைக் கண்டால் அடுத்த வரிசைக்கு மாறிவிடுகிறார்கள். மாறட்டும், சொந்தம் சொந்தம்தான்.

ஆகவே மகன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தான் ஒரு பெட்டையை விரும்புவதாகச் சொன்னபோது நான் அழவில்லை, தலையில் கை வைக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அவ எவடம்?"

"ஷீ இஸ் கனேடியன், அம்மா."

"நானும் கனேடியன்தான். அவ எவடம்?"

"பீற்றர்பரோ."

"அதுக்கு முன்னம்?"

"வட் டு யூ மீன், அதுக்கு முன்னம்?"

இவனுக்கு இந்த விசயங்கள் விளங்காது. வோபர்னில் பிறந்து, வோபர்னில் வளர்ந்து, எவடம் என்று யாராவது கேட்டால் பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற பிள்ளை. நேரில் விசாரிப்பதுதான் முறை என்று நானும் என் மனுசனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டோம். மகன் வழி முழுவதும் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தான். "அம்மா, ப்ளீஸ், டோன்ட் ஸ்டார்ட்."

பெண்ணின் அம்மா என் வேலையை மிச்சப்படுத்தினார். அவருடைய ஆட்கள் இத்தாலி. கேட்கும் முன்பே ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார், சுவர் முழுக்க மாட்டியிருந்த படங்களில் யார் யாருக்கு என்ன முறை, யார் யாரோடு கதைப்பதில்லை என்பதையும் சொன்னார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா எழுபது வயதை நெருங்கிய உயரமான மனிதர். வீடுகளுக்கு வயறிங் செய்து ஓய்வு பெற்றவர். கூச்சப்பட்டால் காது இரண்டும் சிவக்கும். அவர் பக்கத்துச் சுவரில் ஒரு படமும் இல்லை. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"வேர் ஆர் யூ ஃப்ரம்?"

"பீற்றர்பரோ," என்றார்.

"நோ, நோ. வேர் ஆர் யூ றியலி ஃப்ரம்?"

மகனுக்குப் புரையேறியது. "அம்மா! யூ கான்ட் ஆஸ்க் தட்!"

"ஏன் கேக்கக் கூடாது? இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து என்னைக் கேக்காத ஆக்கள் இல்லை. நான் ஒருக்காக் கேட்டாப்போல என்ன குடியே முழுகிப் போச்சு?"

மகன் இதை மொழிபெயர்க்க மறுத்தான். ஆனால் அவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்தக் கேள்வியைத் தன்னிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார். தன் அப்பா இங்கிலாந்து என்பது மட்டும் தெரியும், அதற்கு மேல் ஊர், தெரு ஒன்றும் தெரியாது என்றார். பிறகு, தட்டுகள் கிளிங் என்று மோதிக்கொண்ட நேரம் பார்த்து, அவரை ஒரு ஹோமில் விட்டார்கள் என்றும் அப்போது அவருக்கு வயது இத்தனை என்றும் சொன்னார். என் காதில் "எயிற்றி" என்று விழுந்தது.

என் முகம் மாறியதை மனுசன் கவனித்திருக்க வேண்டும். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஆட்கள் ரொறன்ரோவில் எப்படிப் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும். இங்கே ஹோம் என்றால் எங்களுக்கு ஒரே பொருள்தான், வயது போனவர்களைக் கொண்டுபோய் விடும் இடம். "அவை தாயை ஹோமில போட்டிட்டினமாம்" என்று ஒருத்தி குரலைத் தாழ்த்திச் சொன்னால், கேட்கிற மற்றவள் "அடக் கடவுளே" என்று தேத்தண்ணியைக் கீழே வைப்பாள். என் வயதில் உள்ள எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. எனக்கும் உண்டு. எண்பது வயதில் தகப்பனை ஹோமில் போட்ட குடும்பத்தில் மகன் பெண் எடுத்தால், நாளைக்கு என் கதி என்ன?

காரில் ஏறியதும் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அண்ணை என் கூடப்பிறந்தவர். எங்கள் குடும்பத்தின் கலியாண விசாரணைகளுக்கெல்லாம் அவர்தான் தலைமை.

"அண்ணை, பெட்டை தங்கம். ஆனா பேரனை ஹோமில விட்டவையாம்."

பேரன் என்றால் எங்களுக்குத் தாத்தா. அண்ணை உடனே விசாரணையைத் தொடங்கினார்.

"எத்தினை வயசில?"

"எம்பதிலயாம்."

"பாத்து நடவடி பிள்ளை," என்றார். "நாளைக்கு உனக்கும் அதுதான்."

அதன் பிறகு இரண்டு மாதம் பெண்ணின் அப்பாவிடம் நான் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன். அதற்கு மேல் ஒரு சிரிப்புக்கூடக் கொடுக்கவில்லை. அவர்கள் எங்கள் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்த அன்று பொறுமை போய்விட்டது. கத்தரிக்காய்ப் பால்கறியை அவர் தட்டில் வைத்தபடியே, எங்கள் பண்பாட்டில் வயதானவர்களைக் கைவிடுவதில்லை என்று ஆரம்பித்தேன். பெற்றவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பதன் பெருமை, அவர்களின் ஆசீர்வாதம், ஹோமில் கொடுக்கிற உப்பில்லாத சூப் என்று எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொட்டினேன். அவர் பாவம், தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் நான் நேரடியாகவே கேட்டேன், உங்கள் அப்பாவை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று.

"நான் செய்யவில்லை," என்றார். "நான் அப்போது பிறக்கவே இல்லையே. அவருக்கு எட்டு வயது."

"எயிற்?"

"எயிற்."

மனுசன் மேசைக்குக் கீழே மறுபடி என் காலை மிதித்தார். இந்த முறை வலித்தது.

அப்புறம் அவர் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொன்னார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அனாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்து வைத்த இல்லங்கள் இருந்தன. அந்த இல்லங்கள் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பின. இங்கே பண்ணைக்காரர்கள் றெயில் நிலையத்துக்கு வந்து ஆளுக்கொரு பிள்ளையை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹோம் சில்ட்ரன் என்று அவர்களுக்குப் பெயர். அவருடைய அப்பா அப்படி வந்தவர். ஒரு மாட்டுக் கொட்டிலின் மேல்தட்டில் படுத்து வளர்ந்தவர். அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசியதே இல்லை. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். ஹோம் என்ற சொல் அவர் வாயில் வராது. கடைக்குப் போய்த் திரும்பும்போதும் "லெட்ஸ் கோ டு த ஹவுஸ்" என்பாராம். சின்ன வயதில் இவருக்கு அது ஒரு பகிடியாக இருந்ததாம்.

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் அதையும் சாப்பிட்டார்.

அண்ணைக்குத் திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது.

"எம்பது இல்லை அண்ணை, எட்டு."

"எட்டு வயசிலயோ? எட்டு வயசுப் பெடியனை எப்பிடி ஹோமில எடுத்தவை?"

"அது வேற ஹோம், அண்ணை."

அவருக்கு விளங்க வைக்க அரை மணித்தியாலம் ஆனது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. தமிழும் இதில் லேசுப்பட்டதில்லை. முதியோர் இல்லம், சிறுவர் இல்லம் என்கிறோம். அந்த வாரம்தான் அச்சுக்குக் கொடுத்திருந்த கலியாணக் கார்டின் மூலையில் மணமகள் இல்லம் என்று போட்டிருந்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே இல்லம்தான்.

இந்தக் கதை இதோடு முடிந்திருக்கும், ஐயர் எனக்குப் போன் எடுக்காமல் இருந்திருந்தால்.

கலியாணம் றிச்மண்ட் ஹில் பக்கம் ஒரு மண்டபத்தில் என்று முடிவாகியிருந்தது. ஐயர் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் நடத்துகிறவர். தேங்காய் எத்தனை, வாழைக்குலை எத்தனை என்று குரல் பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் நேரே எடுத்தார்.

"அம்மா, கன்னிகாதானத்துக்குப் பொம்பிளையின்ர தகப்பன் பேர், பேரன் பேர், பூட்டன் பேர் மூண்டும் வேணும். தகப்பன் வழி. மூண்டு தலைமுறை சொல்லித்தான் தாரை வாக்கிறது. எழுதி அனுப்பி விடுங்கோ."

எங்கள் பக்கத்துப் பெயர்கள் எனக்குத் தலைகீழ்ப்பாடம். பெண்ணின் பக்கத்தை மகனிடம் சொல்லிவிட்டேன். அவன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த புத்தகம் இந்தியாவில் அச்சடித்தது. அதில் பேரன் என்றால் மகனின் மகன். அவன் பயந்துபோய் என்னிடம் வந்தான்.

"அம்மா, கிராண்ட்சன் பேர் இப்பவே வேணுமாமோ? வீ ஹேவன்ட் ஈவன் டிஸ்கஸ்ட் கிட்ஸ்!"

அவனுக்குப் பேரனை விளக்கி, பூட்டனையும் விளக்கினேன். தாத்தாவின் அப்பா பூட்டன். அவன் அதைப் பெண் வீட்டுக்குச் சொன்னான். பெண்ணின் தகப்பன் பெயர் வந்தது. ஹோம் பிள்ளையாக வந்த பேரனின் பெயர் வந்தது. பூட்டன் பெயர் வரவில்லை. அது பூட்டிக் கிடந்தது.

ஐயர் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "தெரியாட்டிப் பரவாயில்லையம்மா. பூட்டன் பேருக்குப் பரமசிவன் எண்டு சொல்லுவம். எல்லாருக்கும் தகப்பன் அவர்தானே."

இதை நான் பெண்ணின் அப்பாவிடம், அதாவது சம்பந்தியிடம் சொன்னேன். அப்போது கலியாணப் பதிவு எழுதியாகவில்லை என்றாலும் மனதுக்குள் அவர் சம்பந்தி ஆகிவிட்டிருந்தார். தன் தாத்தா கடவுள் என்றால் அது பெரிய பதவி உயர்வு என்று அவர் சிரித்தார். காது சிவந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"வேண்டாம்," என்றார். "அந்த இடத்தில் நின்று ஒரு பெயர் சொல்வதென்றால் அது உண்மையான பெயராக இருக்க வேண்டும். ஆனால் தேடுவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது."

என்ன பயம் என்று கேட்டேன். நான் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

"அப்பா அனாதை என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அவருடைய தாய் தகப்பன் செத்துப் போயிருந்தால் சரி, யாரையும் குறை சொல்ல முடியாது. உயிரோடு இருந்துகொண்டு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்திருந்தால், அந்தப் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன். உங்கள் கடவுளின் பெயரே போதும்."

அப்பாவை யாரும் எறியவில்லை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எழுபது வயதில் ஒரு மனிதர் இதை நினைத்துக்கொண்டு என் சோஃபாவில் இருந்தது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. கலியாணத்துக்கு ஆறு மாதம் இருந்தது. தேடுவோம் என்று நான்தான் சொன்னேன்.

நான் தேடிய முறையை மகன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், இங்கிலாந்தில் இன்ன குடும்பப் பெயருள்ள வெள்ளைக்காரர் யாரையாவது தெரியுமா என்று. லண்டனில் இருந்து பத்துப் பேர் பதில் போட்டார்கள். ஒருவருடைய வீட்டுச் சொந்தக்காரர், ஒருவருடைய பல் வைத்தியர், ஒருவருக்கு அபராதம் எழுதிய பொலிஸ்காரர். எல்லோரையும் விசாரிக்கச் சொன்னேன். பல் வைத்தியர் மட்டும் மரியாதையாகப் பதில் சொன்னாராம், தன் ஆட்கள் வேல்ஸ் என்று.

மருமகள் என்னைவிடக் கெட்டிக்காரி. அப்பாவை ஒரு குழாய்க்குள் துப்பச் சொல்லி அனுப்பினாள். இரத்த உறவை எச்சிலில் கண்டுபிடிக்கிற அந்த வித்தை இங்கே பிரபலம். எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் எப்படிச் சொந்தம் கண்டுபிடிக்கிறது? ஆனால் மாரிக் குளிர் பிறந்த கையோடு பதில் வந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு துறைமுக ஊரில் ஒரு பெண்மணி, சம்பந்திக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. ஊரின் பெயர் சண்டர்லாண்ட்.

"சுந்தரலாந்தோ?" என்று அண்ணை போனில் கேட்டார். "எங்கட ஆக்களின்ர ஊர் மாதிரியெல்லோ கிடக்கு."

வீடியோவில் பேசுவதென்று முடிவாகியது. அது என் சாப்பாட்டு மேசையில்தான் நடக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். றோல்ஸ் பொரித்து வைத்தேன். சம்பந்தி கொலர் வைத்த சேட்டுப் போட்டு வந்திருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

திரையில் வந்த அம்மாவுக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். உதட்டுக்கு நிறம் பூசி, தலையைச் சுருட்டி, தயாராக இருந்தார். நாங்கள் வணக்கம் சொல்ல முன்பே முந்திக்கொண்டார்.

"நீங்கள் எல்லாரும் எவடம்? கனடாவில் எந்தப் பக்கம்?"

நான் அவரை அந்தக் கணமே தத்தெடுத்துவிட்டேன்.

சம்பந்தி மெல்லச் சொன்னார், தன் அப்பா இன்னார், எட்டு வயதில் கனடா வந்தவர், செத்து முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது என்று. அந்த அம்மா கையை வாயில் வைத்தார். "எங்கள் கனடாக்காரன்," என்றார். "என் அப்பாவின் அண்ணன். எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர்." அவர் சொன்ன இங்கிலீஷ் பாதி எனக்கு விளங்கவில்லை, மருமகள் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தாள்.

"அவருடைய அப்பா?" என்று சம்பந்தி கேட்டார். "எப்போது செத்தவர்?"

"தாத்தாவா? இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகுதான். என்னை மடியில் வைத்திருக்கிறாரே."

சம்பந்தியின் காது சிவக்கவில்லை. வெளுத்துவிட்டது. தாங்க் யூ என்றார். எழுந்து, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்ற, பனி அள்ளும் சவளை எடுத்து எங்கள் டிரைவ்வேயை அள்ளத் தொடங்கினார். மருமகள் பின்னால் எழும்பப் போனாள், கூட வந்திருந்த தாய் அவளுடைய கையைப் பிடித்து இருத்தினார். மகன் என்னைப் பார்த்தான். ஏதோ நான்தான் அந்தக் கிழவரை உயிரோடு வைத்திருந்தவள் போல.

திரையில் அந்த அம்மா இன்னும் இருந்தார். பாவம், தான் என்ன பிழையாகச் சொன்னேன் என்று தெரியாமல் முழித்தார். நான்தான் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"தகப்பன் உயிரோட இருந்தா, பிள்ளையை ஏன் குடுத்தவர்?"

"கொடுக்கவில்லை," என்றார் அவர், கோபமாக. "யார் சொன்னது கொடுத்தார் என்று?"

அவர் சொன்னது இதுதான். தாத்தா கப்பலில் நிலக்கரி அள்ளிப் போடுகிறவர். மனைவி திடீரென்று செத்துப்போனார். மூன்று சின்னப் பிள்ளைகள், பார்க்க ஆளில்லை. ஒரு பயணம் போய் வரும்வரை என்று பிள்ளைகளை அந்த இல்லத்தில் விட்டார். திரும்பி வந்து, மூவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாசலில் நின்றார். சின்னவர்கள் இருவரையும் கொடுத்தார்கள். பெரியவன் கனடாவுக்குப் போய்விட்டான் என்றார்கள். பெரியவனுக்கென்று அவர் ஒரு சோடி சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தார், வளர்ந்தாலும் போடலாம் என்று இரண்டு அளவு பெரிதாக. சின்னவர்களைக் கடைசிவரை அதைப் போட விடவில்லையாம்.

அப்புறம் அவர் ஒரு பழக்கம் பிடித்தார். துறைமுகத்துக்குக் கனடாப் பக்கம் இருந்து எந்தக் கப்பல் வந்தாலும் போய் நிற்பார். இறங்குகிறவர்களை மறித்துக் கேட்பார். "கனடாவா? என் மகனும் கனடாவில்தான். நீங்கள் எவடம்? அவனைக் கண்டிருப்பீர்களே?"

"ஊரே சிரித்தது," என்றார் அந்த அம்மா. "கனடா எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாது. ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி. பியர் குடிக்கும்போது சொல்வார், என் மகனுக்கு அங்கே பெரிய தோட்டம், கோதுமை கண்ணுக்கெட்டிய தூரம் என்று. நாங்களும் நம்பினோம். அவன் பணக்காரன் ஆகிவிட்டதால்தான் எங்களுக்கு எழுதுவதில்லை என்று என் அப்பாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட."

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் இப்படித்தான் யாராவது ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கேட்பார். "கனடாவோ? என்ர மகனும் அங்கதான். கண்டிருப்பியளே?" நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரொறன்ரோ பெரிய இடம் அப்பு என்பேன். இனி யாரும் கேட்டால் சிரிக்க மாட்டேன். பெயரும் ஊரும் கேட்டு வந்து விசாரிப்பேன், விசாரிப்பதில் எனக்கு என்ன களைப்பு?

நான் எழும்பி, கையில் அகப்பட்ட மனுசனின் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு வெளியே போனேன். சம்பந்தி எங்கள் டிரைவ்வேயை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரின் டிரைவ்வேயில் பாதி வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சன்னலுக்குள் நின்று கை காட்டினார். எனக்குக் கால் விறைத்தது. நீளமாகச் சொல்ல என் இங்கிலீஷும் இடம் கொடுக்கவில்லை, பனியும் இடம் கொடுக்கவில்லை.

"ஹீ கேம் பாக்," என்றேன்.

அவர் சவளை நிறுத்தினார்.

"யுவர் கிராண்ட்ஃபாதர். ஹீ கேம் பாக் ஃபோர் ஹிம். விதத் ஷூஸ்" என்று உளறி, மறுபடி சரியாகச் சொன்னேன். "வித் ஷூஸ். தே சென்ட் த போய் பிஃபோர் ஹீ கேம்."

"இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றார்.

"ஹீ கேம் பாக்."

அவர் திரும்பி மிச்சப் பனியை அள்ளினார். அதற்கடுத்த வீட்டையும் அள்ளினார். அந்த வீட்டுக்காரர் எங்களோடு பத்து வருசமாகக் கதைப்பதில்லை. அன்றைக்கு அவரே வந்து நன்றி சொன்னார். பிறகு சம்பந்தி உள்ளே வந்து, ஈரச் சப்பாத்தோடேயே திரைக்கு முன்னால் இருந்தார். அவரும் அந்த அம்மாவும் பேசி முடிக்க எல்லா றோல்ஸும் ஆறிவிட்டன.

வைகாசியில் கலியாணம். அண்ணை முன்வரிசையில், பட்டு வேட்டியோடு, எல்லாவற்றையும் பிழை பிடிக்கத் தயாராக இருந்தார். சுந்தரலாந்து அம்மா பயணம் செய்ய முடியாத வயது. மருமகளின் தோழி ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் அவர் தலையில் தொப்பி வைத்து, தன் ஊர் நேரம் காலை ஆறு மணியில் இருந்தே ஆயத்தமாகி உட்கார்ந்திருந்தார்.

சம்பந்திக்கு வேட்டி நழுவாமல் இருக்க உள்ளே பெல்ற் கட்டியிருந்தோம். தாரை வார்க்கிற கட்டம் வந்தது. ஐயர் ஒலிவாங்கியை அவர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். எழுதிக் கொடுத்த பெயர்களை ஐயர் எங்கோ பூவுக்குள் தொலைத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பூட்டன் பேர் சொல்லுங்கோ. கிறேற் கிராண்ட்ஃபாதர். லௌட்லி."

சம்பந்தி பெயரைச் சொன்னார். முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும். இந்த உலகத்தில் எத்தனையோ வருசமாக யாரும் உரத்துச் சொல்லாத பெயர் மண்டபத்தின் ஒலிபெருக்கியிலெல்லாம் கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிமிர்ந்து மணவறைக்கு வெளியே என்னைத் தேடிப் பார்த்தார். கண் நிரம்பியிருந்தது. மூச்செடுத்து, இன்னும் மூன்று சொல் சேர்த்துச் சொன்னார்.

"ஹீ கேம் பாக்."

எங்கள் ஐயர் கடமையில் சுத்தம். தொழிலில் வெள்ளைக்காரப் பெயர்கள் எத்தனையோ பார்த்தவர், எந்தப் பெயர் எவ்வளவு நீளம் இருந்தாலும் கேள்வி கேட்காமல் சொல்கிறவர். கண்ணை மூடி, சமஸ்கிருதத்தில் தொடங்கி, பூட்டன் பெயரை எடுத்து, குடும்பப் பெயரை எடுத்து, ஒரு சொல்லும் விடாமல் "ஹீகேம்பாக்" என்பதையும் சேர்த்து, வால் ஒன்று வைத்து, "நப்த்ரீம்" என்று முடித்தார். இன்னாரின் பூட்டப்பிள்ளை. சடங்கின் முறைப்படி மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்று தரமும் சொன்னார். மகன் தலையைக் குனிந்து சிரிப்பையும் அழுகையையும் ஒன்றாக அடக்கினான். போனுக்குள் தொப்பி ஆடியது.

அண்ணை என் பக்கம் சரிந்தார்.

"பிள்ளை, அந்தப் பூட்டனுக்குப் பேர் சரியான நீளமாக் கிடக்கே?"

"ஓம் அண்ணை," என்றேன். "அதுதான் அவரின்ர முழுப்பேர்."